குளிர் வெளியே... தலைவலி உள்ளே!

டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் 6 மணி நேரம்கூட இருக்காது. இருட்டில் ஆபீஸ் போய், இருட்டிலேயே வீடு திரும்பணும். 'உள்ளேதான் ஹீட்டர் இருக்கே, அப்புறமென்ன?'ன்னு தோணும். சிக்கலே அங்கேதான்!

மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 2 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 22 டிகிரியில் 19 கிராம் தாங்கும். ஆனா, ஹீட்டர் சூட்டைத்தான் ஏத்தும், ஈரத்தைச் சேர்க்காது. வெளியிலிருந்து வந்த காற்றின் ஈரப்பதம் சுமார் 10 சதவிகிதத்துக்கு இறங்கிடும். தொண்டை வறளும், கண் எரியும். ஸ்க்ரீனைப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறதும் குறைவு என்பதால், எரிச்சல் இன்னும் அதிகம்.

ஜன்னலைத் திறக்கலாமா? அந்தக் குளிரில் யார் விடுவாங்க! 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளை மிச்சப்படுத்த, கட்டடங்களை இடுக்கில்லாமல் அடைச்சாங்க. உள்ளே விடும் வெளிக்காற்றையும் குறைச்சாங்க. விளைவு, தலைவலி, சோர்வு, மூக்கடைப்பு. ஆபீஸைவிட்டு வெளியே வந்தா சரியாகிடும். 1980-களில் உலக சுகாதார நிறுவனமே இதை 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' என்று விவரித்தது.

இப்போ பல கட்டடங்களில், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடிச்சு உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் கருவி இருக்கு. அது ஓடினாலும், அறையை அதிகம் சூடாக்கினால் வறட்சி கூடும். அங்கே வேலைக்குப் போறவங்க, தெர்மோஸ்டாட் சண்டை வந்தா ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு 21 டிகிரிக்கே ஓட்டுப் போடுங்க!