இருபதில் ஒன்று: பி-மதிப்பின் வரலாறும் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

புள்ளியியல் கருதுகோள் சோதனையில் கணக்கிடப்படும் பி-மதிப்பு, இன்று 0.05 என்னும் எல்லையோடு இணைத்தே அறியப்படுகிறது. அவ்வெல்லை எவ்வாறு தோன்றியது, அதனை முன்மொழிந்தவர் அதற்கு அளித்த பொருள் யாது, அப்பொருள் பின்னர் எவ்வாறு திரிந்தது என்பவற்றை 1710 முதல் 2019 வரையிலான சில நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பி-மதிப்பு, இன்மைக் கருதுகோள், குறிப்பிடத்தக்க வேறுபாடு, அர்பத்நாட், கார்ல் பியர்சன், ஃபிஷர், நெய்மன்.

முன்னுரை

கல்வியியல், உளவியல், வணிகவியல் ஆகிய துறைகளில் அளிக்கப்படும் ஆய்வேடுகளைப் புரட்டுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் தொடர் ஒன்று உண்டு. ஆண், பெண் மாணவர்களிடையேயோ நகர்ப்புற, ஊர்ப்புற ஆசிரியர்களிடையேயோ “0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை” என்பதே அது. அதனை அடுத்து, “எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது” என்னும் முடிவு வரும். இவ்விரு தொடர்களும் பழக்கத்தால் ஒன்றையொன்று தொடர்கின்றனவேயன்றி, ஏரணத்தால் அல்ல. முதல் தொடரிலிருந்து இரண்டாவது பிறக்காது என்பதை அம்முறையை வகுத்த ரொனால்ட் ஃபிஷரே 1935-இல் வற்புறுத்தியுள்ளார்.

பி-மதிப்பின் வரையறை சுருக்கமானது. இன்மைக் கருதுகோள் உண்மையென்றே வைத்துக்கொண்டால், கையில் கிடைத்த முடிவோ, அதனினும் அக்கருதுகோளிலிருந்து விலகிய முடிவோ கிடைப்பதற்குரிய நிகழ்தகவே பி-மதிப்பு. “வைத்துக்கொண்டால்” என்னும் நிபந்தனைச் சொல்லில்தான் இதன் பொருள் முழுவதும் தங்கியுள்ளது. அச்சொல் நழுவும்போது, “இக்கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு” என்னும் வேறொரு பொருள் அவ்விடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. இந்நழுவலின் வரலாறு மூன்று நூற்றாண்டுப் பழமையுடையது.

திருமுழுக்குப் பதிவேடுகளும் பெர்னூலியின் மறுப்பும்

இங்கிலாந்தின் ஆன் அரசியாருக்கு மருத்துவராக இருந்த ஜான் அர்பத்நாட், லண்டன் நகரத் திருமுழுக்குப் பதிவேடுகளில் 1629 முதல் 1710 வரையிலான 82 ஆண்டுகளின் எண்களைத் தொகுத்தார். ஓர் ஆண்டுகூட விலக்கின்றி, ஆண் குழந்தைகளின் எண்ணிக்கையே மிகுந்திருந்தது. ஆணும் பெண்ணும் பிறக்கும் வாய்ப்பு நாணயம் சுண்டுவதைப் போலச் சரிபாதி என்றால், ஓர் ஆண்டில் ஆண் மிகுவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. தொடர்ந்து 82 ஆண்டுகளும் அவ்வாறே அமைவதற்கான வாய்ப்பு, இரண்டை 82 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒன்று. அவ்வெண் 25 இலக்கங்கள் கொண்டது. இத்தனை அரிய நிகழ்வு தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது. ஆகவே இது இறையருளின் ஏற்பாடு என்று அர்பத்நாட் முடிவுகட்டினார். போரிலும் தொழிலிலும் ஆண்கள் மிகுதியாக மடிவதால், அவ்விழப்பை ஈடுசெய்யவே ஆண்கள் கூடுதலாகப் பிறக்கின்றனர் என்பது அவர் தந்த விளக்கம்.

கணக்கில் பிழையில்லை. ஆயினும், அக்கணக்கு எதனை மறுக்கிறது என்பதை நிக்கொலஸ் பெர்னூலி சில ஆண்டுகளிலேயே எடுத்துக்காட்டினார். முப்பத்தைந்து முகங்கள் கொண்ட ஒரு பகடையில் 18 முகங்கள் ஆணுக்கும் 17 முகங்கள் பெண்ணுக்கும் உரியவை எனக் கொண்டால், லண்டன் எண்கள் தற்செயலோடு முற்றிலும் பொருந்துகின்றன என்றார் அவர். அக்கருத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் ஆண்டில் 14,000 குழந்தைகள் பிறப்பதாகக் கொண்டால், இவ்விகிதப்படி எதிர்பார்க்கத்தக்கவை 7,200 ஆண், 6,800 பெண். திட்ட விலக்கம் ஏறத்தாழ 59. ஆகவே, ஓர் ஆண்டில் பெண் எண்ணிக்கை ஆண் எண்ணிக்கையை விஞ்சும் வாய்ப்பு 0.0004 அளவினதே. 82 ஆண்டுகளில் ஒருமுறையும் அவ்வாறு நேராததில் வியப்பொன்றுமில்லை.

அர்பத்நாட்டின் கணக்கு மறுத்தது “சரிபாதி” என்னும் ஒரே கருதுகோளை மட்டுமே, தற்செயலை அன்று. இறையருளை அது நிறுவவும் இல்லை. இன்மைக் கருதுகோள் வீழ்ந்தவுடன், ஆய்வாளர் மனத்தில் முன்னரே குடியிருந்த விளக்கம் தானே அரியணை ஏறிவிடும் வழக்கத்திற்கு இதுவே முதற்சான்று எனலாம். இறையருள் இருந்த இடத்தில் இன்று “புதிய கற்பித்தல் முறையின் பயன்” என்பது போன்ற தொடர்கள் நிற்கின்றன. வாதத்தின் கட்டமைப்பு மாறவில்லை.

வெல்டனின் பகடைகள்

விலங்கியல் அறிஞர் வெல்டன் 12 பகடைகளை ஒருசேர உருட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை பகடைகளில் 5 அல்லது 6 விழுந்தது எனக் குறித்தார். மொத்தம் 26,306 உருட்டல்கள். அதாவது தனிப்பகடை வீச்சுகள் 3,15,672. அவ்வெண்களையே கார்ல் பியர்சன் 1900-இல் கை-வர்க்கச் சோதனையை அறிமுகம் செய்த கட்டுரையில் எடுத்தாண்டார். பகடைகள் நேர்மையானவை என்னும் கருதுகோளின்கீழ் அவருக்குக் கிடைத்த நிகழ்தகவு 0.000016. பகடைகள் சாய்வுடையவை என்று அவர் முடிவு செய்தார். 5, 6 ஆகிய முகங்களில் குழிகள் மிகுதியாகக் குடையப்படுவதால் அம்முகங்கள் எடை குறைந்து மேல்நோக்கி விழுகின்றன என்பது வழக்கமாகத் தரப்படும் காரணம்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது அச்சாய்வின் அளவு. நேர்மையான பகடையில் 5 அல்லது 6 விழும் விகிதம் 0.3333; வெல்டனின் பகடைகளில் அது 0.3377. வேறுபாடு ஆயிரத்தில் நான்கைச் சற்றே கடக்கிறது. தாயம் ஆடுவோர் எவரும் வாழ்நாள் முழுவதும் இதனை உணரப்போவதில்லை. மொத்த விகிதத்தை மட்டும் கொண்டு சோதித்தால், விலகல் 5.2 திட்டப் பிழைகளுக்குச் சமம். பி-மதிப்பு பத்து இலட்சத்தில் ஒன்றினும் குறைவு. வெல்டன் இதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உருட்டி, அதே 0.3377 விகிதம் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். அப்போது விலகல் 1.64 திட்டப் பிழைகளாகச் சுருங்கும், பி-மதிப்பு 0.10 ஆகும். பகடை அதேதான், சாய்வும் அதேதான். முன்னது “குறிப்பிடத்தக்கது” எனவும் பின்னது “வேறுபாடு இல்லை” எனவும் எழுதப்படும். பி-மதிப்பு வேறுபாட்டின் அளவையும் கூறின் அளவையும் ஒன்றாகக் குழைத்துத் தருவது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை.

இவ்வுண்மையை நடைமுறையில் நன்கு உணர்ந்திருந்தவர் டப்ளின் நகரக் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். “மாணவன்” என்னும் புனைபெயரில் 1908-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே டி-சோதனைக்கு அடித்தளம். சில வயல்களின் வாற்கோதுமையை ஒப்பிட வேண்டியிருந்த அவருக்கு, ஆயிரக்கணக்கான உருட்டல்கள் வாய்க்கவில்லை.

0.05 வந்த வழி

ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியேற்ற ஃபிஷர், ஆய்வாளர்களுக்கென எழுதிய புள்ளியியல் முறைகள் நூலை 1925-இல் வெளியிட்டார். திட்ட விலக்கத்தைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட விலகலைக் குறிப்பிடத்தக்கது எனக் கொள்வது வசதியானது என்று அதில் எழுதினார். அவர் சுட்டிய 1.96 என்னும் விலகலுக்கு உரிய நிகழ்தகவே 0.05. இவ்வெல்லை முற்றிலும் புதியதும் அன்று. அதற்கு முந்தைய தலைமுறை, “நிகழக்கூடிய பிழை” என்னும் அலகின் மும்மடங்கை எல்லையாகக் கொண்டு வந்தது. அவ்வலகு திட்ட விலக்கத்தில் 0.6745 பங்கு, அதன் மும்மடங்கு 2.02. பழைய வழக்கமே புதிய அலகில் முழு எண்ணாகத் திருத்தப்பட்டது.

எல்லை இறுகியதற்கு அட்டவணைகளின் அமைப்பும் ஒரு காரணம். முந்தைய கை-வர்க்க அட்டவணைகள், கணக்கிட்ட மதிப்புக்குரிய நிகழ்தகவைத் தந்தன. ஃபிஷரின் அட்டவணைகளோ 0.10, 0.05, 0.02, 0.01 எனத் தேர்ந்தெடுத்த நிகழ்தகவுகளைத் தலைப்பாக்கி, அவற்றுக்குரிய மதிப்புகளைத் தந்தன. துல்லியமான பி-மதிப்பைக் காண்பது கடினம். எந்தத் தலைப்பைத் தாண்டியது என்று பார்ப்பது எளிது. கைக்கணக்குக் காலத்தின் அவ்வசதி, துல்லிய மதிப்பை நொடியில் தரும் கணினியின் காலத்திலும் கைவிடப்படவில்லை.

ஆயினும் ஃபிஷர் இவ்வெல்லையைத் தீர்ப்பாகக் கருதியவரல்லர். இருபதில் ஒன்று போதாதெனக் கருதுவோர் ஐம்பதில் ஒன்றையோ நூறில் ஒன்றையோ கொள்ளலாம் என 1926-இல் எழுதினார். நன்கு வடிவமைத்த சோதனை மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு, அரிதாகவே தவறும் நிலையில்தான் ஒன்றை அறிவியல் உண்மையாகக் கொள்ள வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் உள்ளது. இக்கூற்றின் முற்பகுதி நிலைத்தது, பிற்பகுதி மறக்கப்பட்டது.

அவருடைய 1935-ஆம் ஆண்டு நூலில் இடம்பெறும் தேநீர்ச் சோதனை பலரும் அறிந்தது. கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூறமுடியும் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், வகைக்கு நான்கு. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகக் கூறும் வாய்ப்பு 1/70, அதாவது 0.014. ஒன்றை மாற்றிக் கூறி மூன்றைச் சரியாகத் தேர்ந்தால், அத்தகைய முடிவோ அதனினும் சிறந்ததோ கிடைக்கும் வாய்ப்பு 17/70, அதாவது 0.24. இந்நிலையில் அவருக்குச் சுவைத்தறியும் திறன் “இல்லை” என்று கூற இயலுமா? மெல்லிய திறன் ஒன்று இருந்து, எட்டுக் கோப்பைகள் அதனை வெளிப்படுத்தப் போதாதிருக்கலாம். இன்மைக் கருதுகோள் ஒருபோதும் நிறுவப்படுவதில்லை. மறுக்கப்படும் வாய்ப்பை மட்டுமே பெறுகிறது என்று ஃபிஷர் கூறியது இவ்விடத்தில்தான்.

ஒரே கட்டடத்தில் இரு கொள்கைகள்

கார்ல் பியர்சன் 1933-இல் ஓய்வுபெற்றபோது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருடைய துறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி ஃபிஷரிடமும், மற்றொன்று கார்லின் மகன் இகான் பியர்சனிடமும் சென்றன. இகானோடு இணைந்து உழைத்த போலந்து நாட்டு அறிஞர் ஜெர்சி நெய்மன் 1934-இல் அங்கு வந்தார். அவ்விருவரும் 1933-இல் வெளியிட்ட கட்டுரை, சோதனை என்பதையே வேறாக வரையறுத்திருந்தது. அவர்களுடைய முறையில் மாற்றுக் கருதுகோள் வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். உண்மையான இன்மைக் கருதுகோளை மறுக்கும் பிழைக்கும், பொய்யானதை ஏற்கும் பிழைக்கும் அளவுகள் தரவைப் பார்க்கும் முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும். “ஏற்றல்” என்பது அங்கு நம்புதல் அன்று. ஒரு செயலைத் தேர்தல். பலமுறை செய்யப்படும் முடிவுகளில் பிழை விகிதத்தைக் கட்டுக்குள் வைப்பதே அதன் நோக்கம். தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து ஏற்பதற்கு அது மிகப் பொருந்தும். ஃபிஷரோ அறிவியல் ஆய்வு சரக்குச் சோதனை அன்று எனக் கடிந்துரைத்தார். 1955-இலும் 1956-இலும் அவர் எழுதியவற்றில் அச்சினம் தணியவேயில்லை.

பாடநூல்கள் இப்பூசலை மாணவர்க்குக் கூறாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்தன. துல்லிய பி-மதிப்பை ஆதாரத்தின் அளவாகக் கொள்ளும் பழக்கம் ஃபிஷருடையது. “ஏற்கப்படுகிறது” என்னும் சொல் நெய்மனுடையது. ஆனால் நெய்மன் வேண்டிய இரண்டாம் பிழைக் கணக்கு இன்றி அச்சொல் மட்டும் எடுத்தாளப்படுகிறது. முன்னுரையில் சுட்டிய ஆய்வேட்டுத் தொடர் இக்கலப்பின் பேறே.

பொருள்கோளின் சிக்கல்

பி-மதிப்பு 0.05 எனில், கண்டுபிடிப்பு பொய்யாவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்பது பரவலான புரிதல். கற்பனையாக ஒரு கணக்கைக் கொள்வோம். ஒரு துறையில் 1,000 கருதுகோள்கள் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் 100-இல் மட்டுமே உண்மையான விளைவு உள்ளது. அதனைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு 80. அவ்வாறெனில் 80 உண்மைகள் கண்டறியப்படும். எஞ்சிய 900-இல் நூற்றுக்கு ஐந்து வீதம் 45 பொய்யாக எல்லையைத் தாண்டும். “குறிப்பிடத்தக்கவை” என வெளிவரும் 125 முடிவுகளில் 45 பொய், நூற்றுக்கு 36. எந்த ஆய்வாளரும் ஏமாற்றாமலே இது நிகழும். பத்து மாறிகளை மாற்றி மாற்றிச் சோதித்து, எல்லையைத் தாண்டியதை மட்டும் எழுதும் வழக்கம் சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும்.

ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையம் 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பை வெளியிட்டபோதும் இந்நழுவல் நேர்ந்தது. 5 திட்ட விலக்கம் என்பது, துகள் இல்லையெனில் அத்தகைய குறிகை தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்பதைக் குறிக்கும். அதனைத் “துகள் இல்லாதிருக்கும் வாய்ப்பு” என எழுதிய செய்திகள் பல.

தமிழில் சிக்கல் ஒரு படி கூடுகிறது. “முக்கியத்துவ மட்டம்”, “குறிப்பிடத்தக்க வேறுபாடு” ஆகிய இரண்டும் அன்றாட வழக்கில் பெரிய, கருதத்தக்க என்னும் பொருளைத் தாங்கிய சொற்கள். வெல்டனின் பகடைச் சாய்வு முதற்பொருளில் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் பொருளில் அன்று. ஆங்கிலச் சொல்லிலும் இவ்வீரடி உண்டு என்பது ஆறுதலாகாது. கலைச்சொல்லைப் புதிதாக ஆக்கியபோது தமிழுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது, அது பயன்படுத்தப்படவில்லை.

அண்மைய விவாதங்கள்

சமூக உளவியல் இதழ் ஒன்று 2015-இல் பி-மதிப்புகளை அறவே விலக்கியது. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, பி-மதிப்பு கருதுகோள் உண்மையாவதற்கான நிகழ்தகவை அளப்பதில்லை. விளைவின் பருமையையோ சிறப்பையோ அளப்பதில்லை என்று தெளிவுறுத்தியது. எல்லையை 0.005 ஆக்க வேண்டுமென்று 2018-இல் ஒரு குழுவினர் வாதிட்டனர். எல்லை என்பதே வேண்டா என்னும் 2019-ஆம் ஆண்டு முறையீட்டில் 800-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். எல்லையை நகர்த்தும் வழி, பொய்யான கண்டுபிடிப்புகளைக் குறைக்கும், ஆனால் 0.0051-ஐயும் 0.0049-ஐயும் இருவேறு உலகங்களாக்கும் குறையை அப்படியே விட்டுவைக்கும்.

ஆய்வேடுகளில் உடனடியாகச் செய்யத்தக்கது, வேறுபாட்டின் அளவையும் அதன் நம்பக இடைவெளியையும் பி-மதிப்புக்கு முன்னர் எழுதுவது. வெல்டனின் முழுத் தரவுக்கு 95 விழுக்காட்டு இடைவெளி 0.3360 முதல் 0.3393 வரை. பத்தில் ஒரு பங்குத் தரவுக்கு அது 0.3325 முதல் 0.3429 வரை. இரண்டாவது இடைவெளிக்குள் நேர்மையான பகடைக்குரிய 0.3333 அடங்குகிறது, சாய்ந்த பகடைக்குரிய 0.3377-உம் அதே இடைவெளியின் நடுவில் நிற்கிறது.