கிறீனின் தமிழும் அகநோக்கிக் கருவியும்

மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், அறுவைச் சிகிச்சை நூலொன்றைத் தமிழாக்கி 1867இல் 'இரணவைத்தியம்' என வெளியிட்டார். அதன்பின் 12 ஆண்டு கழித்தே, 1879இல், சிறுநீர்ப்பையினுள் ஒளிசெலுத்தி நோக்கும் கருவியை நிற்சே வியன்னாவிற் காட்டினார். அக்கருவியில் ஓடிய நீர், ஒளிதரும் பிளாட்டினக் கம்பியைக் குளிர்வித்தது. 1975இல் இக்லெசியாசு விவரித்த கருவியிலோ நீரின் பணி வேறு: ஒருவழியாற் தூயநீர் உட்புக, மறுவழியாற் குருதி கலந்த நீர் இடையறாது வெளியேறும். ஆதலின் பையின் அழுத்தம் மிகாது, பார்வையும் மங்காது. இதனை விளக்குதற்குத் தமிழ் தடையாயிற்றா? இல்லை. ஆயினும் 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே போதிக்கின்றது. கற்பிக்கப்படாத மொழியிற் கலைச்சொல் வளராது என்பதே நாம் கண்ட முடிபு.