ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி

ஸ்டூடியோக்கள் நிறைந்த வடபழனியில் இருந்துகொண்டு ஜெய்சங்கரின் ‘கங்கா’ (1972) பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்ததும் ஒரு கேள்வி. இடுப்பில் ஒன்று, குதிரையில் ஒன்று என்று அலைந்த நிஜ அமெரிக்க கௌபாய், தோட்டாவுக்கு என்ன செய்தான்?

விடை சிம்பிள். வின்செஸ்டர் 1873 ரைஃபிளுக்கு வந்த .44-40 தோட்டாவையே, சில வருஷத்தில் கோல்ட் ரிவால்வருக்கும் வைத்துவிட்டார்கள். ரைஃபிளின் நீளக் குழலில் அதே தோட்டா இன்னும் வேகமாகப் பாயும். பிடியோடு சேர்ந்த நெம்புகோலைக் கீழே தள்ளி இழுத்தால் காலி உறை தெறிக்கும், அடுத்தது ஏறும்.

நம்ம ஊரில் கதை தலைகீழ். ராணுவத்தின் .303 தோட்டா ஜனங்கள் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். அதனால்தான் வேட்டைக்கு .315 என்று தனி அளவு. சுதந்திரத்துக்குப் பிறகும் இச்சாபூர் தொழிற்சாலை அந்த .315-ஐச் செய்துகொண்டிருந்தது. ஆண்டவன் போனாலும் அவன் பயம் போகவில்லை பாருங்க!