படைத்தலைவர் எழுதிய புராணம்: சாமுண்டராயர் வரலாறு

பண்ருட்டிக்கு மேற்கே அமைந்த திருநாவலூரைச் சைவப் பெருமக்கள் சுந்தரர் அவதரித்த தலமாகப் போற்றுவர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரைச் சூழ்ந்த திருமுனைப்பாடி நாடு ஒரு பெரும்படையின் பாசறையாக விளங்கிற்று என்பது பலரும் நினைவிற் கொள்ளாத செய்தி. முதற் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன், வடபுலப் பகையை எதிர்நோக்கித் தன் படையுடன் இந்நாட்டிலேதான் தங்கியிருந்தான். அவனுடைய படைத்தலைவனாகிய வெள்ளங்குமரன் என்னும் சேரநாட்டான் கிராமம் என்ற ஊரில் 943ஆம் ஆண்டில் ஒரு கற்றளி எழுப்பினான். ஆறாண்டுகள் கழிந்து, 949இல், தக்கோலப் போரில் யானைமீதிருந்த இராசாதித்தன் உயிர் துறந்தான். அவனைக் கொன்றவன் இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணனின் மைத்துனனும் கங்கநாட்டு அரசனுமாகிய இரண்டாம் பூதுகன். அதன் பின்னர்த் தென்னார்க்காட்டுப் பகுதியிலும் கன்னரதேவன் என்ற பெயரால் கிருட்டிணனின் கல்வெட்டுகள் தோன்றலாயின.

அந்தப் பூதுகனின் மகன் மாரசிம்மன். அவனிடத்தும் அவனுக்குப் பின்வந்த இராசமல்லனிடத்தும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவரே இக்கட்டுரையின் தலைவர், சாமுண்டராயர். சிரவணபெளகுளத்துக் கோமடேசுவரர் திருவுருவத்தைச் செய்வித்தவர் என்று நம் இல்லங்களில் குழந்தைகளும் அவர் பெயரை அறிவர். ஆனால் அவர் ஒரு நூலாசிரியர் என்பதும், அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர் எழுதிய நூலாலேயே கிடைத்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தம் வரலாறு கல்லில் நிற்க வேண்டுமென்றே அவர் முதலில் எண்ணியிருத்தல் வேண்டும். சிரவணபெளகுளத்து விந்தியகிரியில் தியாகத பிரமதேவர் தூண் என்றொரு தூண் உண்டு. கொடி படர்ந்தது போன்ற நுண்ணிய செதுக்கு வேலைப்பாடு உடையது. இத்தூணருகே நின்று சாமுண்டராயர் தானம் வழங்கினார் என்பது மரபு. அதன் அடிப்பீடத்தில் காணப்படும் இரண்டு உருவங்களை அவருடையதும் அவர்தம் ஆசாரியர் நேமிசந்திரருடையதும் என்பர். இத்தூணின் நான்கு முகங்களிலும் அவருடைய போர்ச்செயல்களும் குலப்பெருமையும் கன்னடச் செய்யுள்களாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கண்ணன் என்னும் ஒரு எக்கடே, தூணின்மேல் ஓர் இயக்கன் உருவத்தை அமைத்தான். அச்செய்தியை எழுத அவனுக்கு இடம் வேண்டியிருந்தது. மூன்று முகங்களில் இருந்த பழைய எழுத்துகள் சுரண்டி நீக்கப்பட்டன. கண்ணன் எழுதியதோ மிகச் சில வரிகளே! அவற்றிற்கு ஒரு முகமே மிகுதி. எஞ்சியிருப்பது வடமுகத்துத் தொடக்கப் பகுதி மட்டும். அவன்பால் சினங்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதவியில் இருந்தோர் கல்லில் எழுதி வைத்த பெயர்களுக்குப் பின்வந்த பதவியினர் செய்வது பெரும்பாலும் இதுதான்.

கல் இழந்ததை ஓலை காத்தது. சக ஆண்டு 900இல், அதாவது 978இல், அவர் எழுதி முடித்த திரிசட்டிலட்சண மகாபுராணம் கன்னட உலகில் ‘சாவுண்டராய புராணம்’ என்றே வழங்குகிறது. அதில் தாம் பெற்ற விருதுப்பெயர்களையும், ஒவ்வொன்றும் எந்தப் போரில் எதற்காகக் கிடைத்தது என்பதையும் அவர் குறித்துச் செல்கிறார். கேடகப் போரில் வச்சுவலதேவனை வென்றமையால் சமரதுரந்தரர். நொளம்பரோடு கோனூர் வெளியில் பொருதமையால் வீரமார்த்தாண்டர். உச்சங்கிக் கோட்டையில் இராசாதித்தனோடு செய்த போரால் ரணரங்கசிங்கர். இந்த இராசாதித்தன் வேறு ஒருவன்; திருமுனைப்பாடியில் பாசறை அமைத்திருந்த நம் சோழ இளவரசன் அல்லன். பாகேயூர்க் கோட்டையில் திரிபுவனவீரனைக் கொன்றமையால் வைரிகுலகாலதண்டர் என்றும் ஒரு பெயர் பெற்றார். பட்டியல் இன்னும் நீள்கிறது. தாம் கிருதயுகத்தில் சண்முகன், திரேதாயுகத்தில் இராமன், துவாபரயுகத்தில் அருச்சுனன் என்றும் அந்நூல் பேசுகிறது. தன்னடக்கத்தை இங்கே தேடிப் பயனில்லை. பத்தாம் நூற்றாண்டு அரசவையின் வழக்கம் அது.

ஆயினும் அப்பட்டியலில் ஒரு பெயர் படிப்போரைச் சற்றே நிறுத்துகிறது. அவருடைய உடன்பிறந்தானாகிய நாகவர்மனை முதுராசய்யன் என்பவன் கொன்றான். சாமுண்டராயர் அவனைத் தேடிச் சென்று கொன்று பழிதீர்த்தார். அதனால் கிடைத்த பெயர் சமரபரசுராமர். அதே நூலில், விளையாட்டுக்கும் பொய் உரையாதவராதலால் சத்தியயுதிட்டிரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. இவ்விரண்டு பெயர்களும் ஓரிடத்திலேயே நிற்கின்றன.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமையை நம் ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்தவர்கள். சமைத்தல், இடித்தல் முதலிய வீட்டுத் தொழில்களில் நேரும் ஆரம்பி, உழவு முதலிய தொழிலில் நேரும் உத்தியோகி, பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளும்போது நேரும் விரோதி, கொல்ல வேண்டுமென்றே எண்ணிச் செய்யும் சங்கற்பி என இம்சையை நான்காகப் பகுத்து, இறுதியில் உள்ள சங்கற்பியைச் சாவகன் முற்றும் விலக்கவேண்டும் என்றனர். நாடு காக்கும் படைத்தலைவனின் போர் விரோதி என்ற வகையுள் அடங்கும் என்று கூறி அமைதி காணலாம். கங்கநாட்டு அரசரும் தளபதியரும் அருகன் அடியவராக இருந்தும் வாளேந்தியது இவ்வாறே ஏற்கப்பட்டது. உடன்பிறந்தானுக்காகத் தேடிச் சென்று தீர்த்த பழி எந்த வகையைச் சாரும்? நாட்டுக்குப் பகைவனாகவும் அவன் இருந்தான் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அவ்வாதம் முழு நிறைவு தரவில்லை. அதனை மறைக்காமல், ஒரு புண்ணிய சரிதத்தின் உள்ளேயே அவர் எழுதி வைத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிற்காலத்துப் புகழ்ச்சியாளர் எழுதியிருந்தால் முதுராசய்யன் பெயரே வந்திராது.

அவர் எழுதிய காலத்தையும் நோக்க வேண்டும். 973இல் இராட்டிரகூடப் பேரரசைச் சாளுக்கிய தைலபன் வீழ்த்தினான். தம் அரசன் மாரசிம்மன் அரசைத் துறந்து, ஓராண்டின் பின் பங்காபுரத்தில் அசிதசேன பட்டாரகர் திருமுன் மூன்று நாள் சல்லேகனை நோற்று உடல் நீத்தான். இராட்டிரகூடரின் கடைசி உரிமையாளனும் மாரசிம்மனால் ஆதரிக்கப்பட்டவனுமாகிய நான்காம் இந்திரன், 982இல் சிரவணபெளகுளத்தில் அவ்வாறே நோற்று முடிந்தான். சுற்றிலும் அரியணைகள் சரிந்துகொண்டிருந்த அந்நாளில், இராசமல்லனின் அரசைத் தாங்கி நின்ற அமைச்சர் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். அவர் பதவியைத் துறந்து காடேகியவர் அல்லர். அசிதசேனரை ஆசாரியராகக் கொண்ட சாவகராகவே இருந்து, அரசியல் அலுவல்களின் நடுவே எழுதியவர்.

எழுதிய முறைதான் வியப்புக்குரியது. பம்பர், பொன்னர் முதலிய பெரும்புலவர்கள் தீர்த்தங்கரர் சரிதங்களைச் சம்பு என்னும் பாவும் உரைநடையும் கலந்த காவிய நடையில் பாடிய காலம் அது. புலமையைக் காட்ட விரும்பும் ஓர் அமைச்சர் அந்நெறியையே பின்பற்றியிருப்பார். சாமுண்டராயரோ ஜினசேனரின் ஆதிபுராணத்தையும் குணபத்திரரின் உத்தரபுராணத்தையும் சுருக்கி, இருபத்துநான்கு தீர்த்தங்கரர், பன்னிரு சக்கரவர்த்தியர், ஒன்பது பலதேவர், ஒன்பது வாசுதேவர், ஒன்பது பிரதிவாசுதேவர் ஆகிய அறுபத்துமூவர் வரலாற்றையும் கன்னட உரைநடையில் தந்தார். இன்று கிடைக்கும் கன்னட உரைநடை நூல்களுள் மிகப் பழையவை என எண்ணத்தக்க ஓரிரண்டில் அது ஒன்று. தமிழ்ச் சமணர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. நம் இல்லங்களில் பாராயணம் செய்யப்படும் மணிப்பிரவாள ஸ்ரீபுராணமும் அதே மகாபுராணத்தை மூலமாகக் கொண்டு, அதே அறுபத்துமூவரை உரைநடையில் சொல்வதன்றோ? வடமொழிக் காவியத்தைப் படிக்க இயலாத இல்லறத்தார்க்கும் அவ்வரலாறு எட்டவேண்டும் என்ற ஒரே நோக்கம் இரண்டு மொழிகளிலும் இரண்டு நூல்களைத் தோற்றுவித்தது.

அந்த வரலாற்றினுள் பரதனும் பாகுபலியும் எதிர்நிற்கும் இடம் வருகிறது. இருபெரும் படைகள் அணிவகுத்து நிற்க, இருதிறத்து அமைச்சர்களும் கூடி, உடன்பிறந்தார் இருவரின் பூசலுக்காக எண்ணிறந்த உயிர்கள் மாள வேண்டா. நோக்கினாலும், நீரினாலும், மல்லினாலும் இருவருமே பொருது முடிவு காண்க என்று அறிவுறுத்துகின்றனர். போர்க்களங்கள் பல கண்ட ஓர் அமைச்சர், போரைத் தவிர்த்த அமைச்சர்களின் சொல்லைத் தம் மொழியில் எழுதும்போது அவர் கை சற்றே தயங்கியிருக்கக் கூடும். மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற நாட்டை அண்ணனிடமே விட்டுத் தவத்திற்குச் சென்றார். உடன்பிறந்தானுக்காகப் பழிதீர்த்தவர், உடன்பிறந்தானை வென்றும் விட்டுக்கொடுத்தவரின் திருவுருவத்தைத் தேர்ந்து மலையுச்சியில் அமைத்தார். இதற்குமேல் நான் விளக்கம் கூறப் போவதில்லை.

புராணத்தில் கோமடேசுவரர் திருவுருவம் பற்றிய பேச்சே இல்லை. ஆதலால் 978இல் நூல் முடிந்த பின்னரே, 981ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஏறத்தாழ ஐம்பத்தேழு அடி உயரமுள்ள அவ்வுருவம் அமைந்தது என ஆய்வாளர் கொள்வர். முதலில் நூல், பிறகே சிலை. அன்னை காளலாதேவி போதனபுரத்துப் பாகுபலியைக் காண விரும்பியதும், சந்திரகிரியிலிருந்து அம்பு எய்ததும், செல்வரின் குடங்குடமான பால் திருமேனி முழுதும் நனைக்காதிருக்க, ஏழை மூதாட்டியின் சிறு காய்க்குடுவைப் பால் பாதம் வரை வழிந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதைகள். அவற்றுள் போதனபுரச் செய்தி 1180ஐ ஒட்டிப் பொப்பணர் இயற்றிய கன்னடக் கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. மூதாட்டியின் கதை கட்டிவிட்டதே ஆயினும், அதில் தோற்பவர் சாமுண்டராயர் என்பதை மறக்கலாகாது. தூணில் எழுதுவித்த பெருமைகளை மக்கள் நினைவில் வைக்கவில்லை. அவர் நாணி நின்றதாகச் சொல்லும் கதையை வைத்தனர்.

எழுத்துலகத் தொடர்பு அவருக்குப் புராணத்தோடு முடியவில்லை. சாவகர், துறவியர் ஆகியோரின் ஒழுக்கத்தைக் கூறும் சாரித்திரசாரம் என்ற வடமொழி நூலும் அவருடையது. நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் ஆகமத்தை ஓதிக்கொண்டிருக்கையில் சாமுண்டராயர் உள்ளே வர, இல்லறத்தார் அதனைக் கேட்டல் ஆகாது என்று ஆசாரியர் ஓதலை நிறுத்தினாராம். பின்னர் அவர் பொருட்டே அதன் சாரத்தைத் திரட்டிப் பிராகிருதத்தில் கோம்மடசாரம் இயற்றினார் என்பது மரபு. கோம்மடன் என்பது சாமுண்டராயரின் இயற்பெயர். அந்நூலுக்கு அவரே நாட்டு மொழியில் வீரமார்த்தாண்டி என ஓர் உரை எழுதினார் என்று நூலின் இறுதியில் குறிப்பு உள்ளது. போர்க்களத்தில் பெற்ற விருதுப்பெயர் ஓர் உரைநூலின் பெயராயிற்று! வளையல் விற்போர் குடியில் பிறந்த ரன்னர் கன்னடத்தின் மும்மணிகளுள் ஒருவராக உயர்ந்ததற்கும் இவருடைய ஆதரவு துணைநின்றது.

இராசமல்லனுக்குப் பின் கங்கர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1004ஐ ஒட்டிச் சோழர் படை தலக்காட்டைக் கைப்பற்ற, அவ்வரசு முடிந்தது. தக்கோலத்தில் வீழ்ந்த இளவரசனின் குலத்தார், அவனை வீழ்த்தியவன் குலத்தின் தலைநகரைக் கொண்டனர். சாமுண்டராயரின் மகன் சினதேவணன் பெளகுளத்தில் ஒரு சினாலயம் செய்வித்ததோடு அக்குடும்பத்தின் செய்தி நின்றுவிடுகிறது. நூற்றாண்டு கழிந்து, சோழரிடமிருந்து தலக்காட்டை மீட்ட போசளத் தண்டநாயகர் கங்கராசர் கோமடேசுவரரைச் சுற்றிச் சுற்றாலை எடுப்பித்தார். அவரும் அருகன் அடியவர்.

பாகுபலியின் திருவடிகளருகே, புற்றுருவின் பக்கத்தில், சாமுண்டராயர் பெயரால் மிகக் குறுகிய வரிகள் உள்ளன. கன்னடத்தில் ஒன்று, மராத்தியில் ஒன்று, தமிழில் ஒன்று. கிரந்தமும் வட்டெழுத்துமாகப் பொறித்த தமிழ் வரி ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்ற மூன்றே சொற்கள். விருதுப்பெயர் ஒன்றுகூட இல்லை. கங்கநாட்டு அமைச்சர் தமிழுக்கு ஏன் இடம் தந்தார்? காஞ்சியிலிருந்தும், சருவநந்தி முனிவர் 458இல் லோகவிபாகத்தை எழுதி முடித்த நம் பாடலிபுரம் இருந்த இந்நாட்டிலிருந்தும் அடியார்கள் வருவர் என்பதை அவர் அறிந்திருத்தல் இயல்பே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகம் 2018இல் நடைபெற்றபோது சென்றுவந்த நம்மவர் பலர். அடுத்த முறை செல்வோர் திருமுடியை நிமிர்ந்து தொழுதபின் திருவடியருகே குனிந்து அந்தத் தமிழ் வரியைப் படித்து வருக. இறங்கும் வழியில் தியாகதத் தூணையும் வடமுகம் தொடங்கி நான்கு புறமும் சுற்றிப் பார்த்து வருக.