வர்ணமும் வரம்பும்



கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம் பழமொழி. மழலைப் பருவத்தினருக்கு அது பொருந்தாது. அவர்கள் கைக்கு எட்டியதெல்லாம் மறுகணமே வாய்க்கும் எட்டிவிடும். கிலுகிலுப்பையாயினும் மரக்குதிரையாயினும், கடித்துப் பார்த்த பின்னரே அவர்கள் ஆடத் தொடங்குவர். ஆகவே, பொம்மையிற் பூசிய வர்ணம் யாது என்று கேட்பது, குழந்தை உண்பது யாது என்று கேட்பதற்கு ஒப்பாகும். இக்கேள்வியை உலகம் எப்போது கேட்டது, நம் நாட்டில் அதற்கு விடை எப்போது பிறந்தது என்பதை இன்று சிந்திப்போம்.

கண்டிச் சீமையின் வர்ண வேலைப்பாடு நெடும்புகழ் வாய்ந்தது. நகருக்கு அண்மையிலுள்ள ஹுரிகடுவ, மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவித ஆகிய ஊர்களில் அரக்கு வேலை வழிவழி வந்த தொழிலாகும். கடைசற் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, நிறமூட்டிய அரக்கை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்திற் படியும். கைத்தடிகளும் சிமிழ்களும் இவ்வாறே நிறம் பெற்றன. கண்டியரசுக் காலக் கலைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இத்தொழிலும் விவரிக்கப்பட்டுள்ளது.

செந்நிறத்துக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் மரபாகப் பயன்பட்டன. முன்னது பாதரசமும் கந்தகமும் கலந்தது. பின்னதில் உள்ளது ஆர்செனிக் என்னும் நஞ்சு. அக்கைவினைஞர் தம் தொழிலில் நேர்மை மிக்கவர். நிறத்தின் அழகை அவர்கள் கண்ணால் அளந்தனர். அதிலுள்ள நஞ்சை அளக்கும் கருவியோ அவர்களிடம் இருக்கவில்லை. பழைமை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

பிற்காலத்தில் ஆலை வர்ணங்கள் பரவின. பளிச்சென்ற நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் அவற்றில் ஈயக் கூட்டுப் பொருள்கள் சேர்க்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிற் கண் மருத்துவராயிருந்த லொக்ஹார்ட் கிப்சன், பிள்ளைகளைப் பீடித்த நோய்க்கு வீட்டு விறாந்தைக் கம்பிகளிற் பூசிய ஈய வர்ணமே காரணம் என 1904 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பிள்ளைகளின் விரல்களில் ஒட்டிய துகள் வாய் வழியே உட்சென்றது. அம்மாநிலம் சட்டம் இயற்றியதோ 1922 ஆம் ஆண்டிலேதான். உண்மை வெளிப்பட்டதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன!

அமெரிக்கா 1978 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் பங்கு வர்ணத்துக்கு 600 பங்கு ஈயமே உச்ச வரம்பு என விதித்தது. 2007 ஆம் ஆண்டில், ஈய வர்ணம் பூசிய பொம்மைகள் இலட்சக்கணக்கிற் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. மறு ஆண்டு இயற்றிய சட்டம் அவ்வரம்பை 90 ஆகக் குறைத்தது. விழுங்கிய ஈயத்திற் பெரியோர் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் மூளையே அதற்கு முதல் இரை.

இலங்கையிற் சுற்றாடல் நீதிக்கான மையம் வர்ணங்களைச் சோதிப்பித்து, உயர் நீதிமன்றத்தை நாடியது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுவப்பெற்ற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 2011 ஆம் ஆண்டில் வர்த்தமானி வாயிலாகப் பணிப்புரை விடுத்தது. சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்கான வர்ணத்தில் ஈயம் 90 பங்கைத் தாண்டலாகாது என்பது அதில் அடங்கும். 2013 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

முற்காலத்தில் அரக்குப் பொருளை வாங்கியவர், அதைச் செய்தவரின் ஊரையும் பெயரையும் அறிந்திருந்தார். குறை இருப்பின் நேரிற் கேட்கலாம். இன்று எசல பெரஹராக் காலத்திற் கண்டி வீதியோரத்தில் நாம் வாங்கும் பொம்மை எங்கு உருவானதென்பதை விற்பவரே அறியார். அறிமுகம் மறைந்த இடத்தை நிரப்பவே சட்டம் வந்தது. ஆயினும் வர்த்தமானியிற் பதித்த எண், தெருவோரக் கடைவரை தானாக நடந்து செல்லாது. பொதியில் உற்பத்தியாளர் பெயர் உண்டா, எவ்வயதினருக்கு என்ற குறிப்பு உண்டா, நகத்தாற் கீறினால் வர்ணம் உதிர்கிறதா என்று பெற்றோர் பார்த்து வாங்குதல் வேண்டும். வர்ணம் உரியாத பொம்மையிலும் ஈயம் இருக்கலாம். அதைக் கண்டறிய ஆய்வுகூடமே வல்லது. ஆதலால், பெற்றோரின் விழிப்போடு அரசின் இடையறாத சோதனையும் சேர்ந்தாலன்றிக் குழந்தைக்குக் காவல் இல்லை.