முரிந்த கோடி, மழுங்கிய தாரை: வழிவழி வந்த வைரத்தின் பழுதும் மறுபட்டைத் தீட்டலும்

ஆய்வுச்சுருக்கம்

முன்னோரிடமிருந்து வந்த வைர மோதிரத்தின் கல் முனை உடைந்துபோனால், உள்ளபடியே வைத்துக் கட்டடத்தை மட்டும் சீர்செய்வதா, கல்லையே மறுபடி பட்டை தீட்டுவதா என்னும் வினா எழுகிறது. இது நகைத்தொழில் சார்ந்த வினாவாகத் தோன்றினும், கல்லின் மதிப்பு எதில் உள்ளது என்பதே இதன் அடிப்படை. சிலப்பதிகார உரை மரபு, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், தவெர்னியேயின் பயணக்குறிப்பு, 1852ஆம் ஆண்டுக் கோகினூர் நிகழ்வு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வைரம், வயிரக் குற்றம், அடியார்க்குநல்லார், தஞ்சைக் கல்வெட்டு, கோகினூர், பட்டை தீட்டல்

கடற்கரை அரசும் தந்தையின் செல்வமும்

உடன்குடிக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் பழையகாயல் உள்ளது. மார்க்கோ போலோ குறிப்பிடும் ‘காயல்’ இதுவே என நிறுவியவர், உடன்குடிக்குத் தென்மேற்கிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த போலோ, பாண்டிய அரசரைப் பற்றி இரண்டு செய்திகளைக் கூறுகிறார். அரசர் கழுத்தில் முத்தும் மாணிக்கமுமாக 104 மணிகள் கோத்த சரம் ஒன்று இருந்தது. வழிபாட்டின்போது எண்ணுவதற்குரிய அச்சரம் முன்னோரிடமிருந்து அவருக்கு வந்தது. மற்றொன்று, ஓர் அரசர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற செல்வத்தை மக்கள் தொடுவதில்லை. தந்தை ஈட்டியது போலத் தாமும் ஈட்ட வேண்டும் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

அச்சரத்தில் வைரம் இல்லை. தமிழகத்துக்கு வைரம் வெளியிலிருந்து வந்த பொருள். போலோவே அதனைத் தெலுங்கு நாட்டு முத்பிலியோடுதான் இணைத்துப் பேசுகிறார். எனினும் வழிவழி வரும் மணியைப் பற்றிய ஒரு மனநிலை இங்குத் தெளிவாகப் பதிவாகியுள்ளது: அது பயன்படுத்துவோரின் முழு உடைமை அன்று. அத்தகைய பொருளில் பழுது நேர்ந்தால் அதனை மாற்றும் உரிமை யாருக்கு என்பது அடுத்து எழும் வினா.

எட்டுப் பலகையும் ஆறு கோணமும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை விவரிக்கும்போது, காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய குற்றங்கள் இல்லாத வயிரங்கள் அங்கு இருந்ததைக் கூறுகிறது. இப்பகுதிக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் வயிரத்தின் குணம் ஐந்தையும் குற்றம் பன்னிரண்டையும் எடுத்துக்காட்டுகிறார். குணங்களுள் முதன்மையானவை பலகை எட்டாகவும் கோணம் ஆறாகவும் இருத்தல். எட்டு முகமும் ஆறு முனையும் உடைய வடிவம் எண்முகி. நிலத்திலிருந்து எடுக்கப்படும் வைரப் படிகத்தின் இயல்பான வடிவங்களுள் சிறந்தது அதுவே. ஆகவே இந்த இலக்கணம் போற்றுவது பட்டறையில் செய்த வடிவத்தை அன்று. பட்டை தீட்டாத கல்லை.

குற்றப் பட்டியலில் பிளத்தல், கோடி முரிதல், தாரை மழுங்கல் ஆகியவையும் உள்ளன. முனை உடைந்ததும் விளிம்பு தேய்ந்ததும் இவை. இன்றைய மோதிரக் கல்லுக்கு நேரும் பழுதுகளும் பெரும்பாலும் இவையே. வைரம் மற்றொரு வைரத்தாலன்றிப் பிற இயற்கைக் கற்களால் கீறப்படாத கடினமுடையது. ஆனால் எண்முகியின் பலகைகளுக்கு இணையான தளங்களில் ஓர் அடியில் பிளக்கக்கூடியது. கையில் அணியும் மோதிரம் கதவிலும் கல்லிலும் மோதும்போது மெல்லிய விளிம்பே முதலில் சிதறுகிறது.

முனை முரிந்த கல்லை என்ன செய்வது என்பதற்கு இப்பட்டியலில் இடமில்லை. காரணம் எளிது, இது வாங்குவோனுக்கான இலக்கணம். கடையில் நிற்பவனுக்குக் குற்றமுள்ள கல்லை விலக்கிவிடும் வாய்ப்பு உண்டு. வைரக்கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்தபின் வாங்கும் தமிழ்க் குடும்ப வழக்கமும் இந்நிலையைச் சார்ந்ததே. பாட்டியின் கல்லை அவ்வாறு திருப்பிக் கொடுக்க இயலாது.

குற்றத்தைப் பதிவுசெய்த கணக்கு

அவ்வாறு விலக்க முடியாத கல்லை எப்படி நடத்தினர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் சான்றளிக்கின்றன. 1010இல் நிறைவுற்ற அக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்கள் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்பட்டுள்ளன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணி பதித்த அணிகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். வைரம், மாணிக்கம், முத்து ஆகியவற்றின் எண்ணிக்கை, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எடை, காசுக் கணக்கில் விலை ஆகியன தரப்படுகின்றன. உள்ளே நிரப்பிய அரக்கும் கணக்கிலிருந்து தப்புவதில்லை.

இப்பட்டியல்கள் வைரங்களின் குறைகளையும் மறைப்பதில்லை. புள்ளி உள்ளவை, விரிசல் கண்டவை, செம்பொறியும் கரும்பொறியும் உடையவை, வெந்த தடம் போன்றதைக் கொண்டவை எனத் தனித்தனியே சொல்லப்படுகின்றன. பேரரசன் இறைவனுக்கு அளித்த கொடையில் குற்றமுள்ள கல் இருந்தது என்பதைவிட, அதனைக் கல்லில் வெட்டிவைக்கத் தயங்கவில்லை என்பதே நோக்கத்தக்கது. நூல் மரபில் இழிவாகக் கருதப்பட்ட பொறி, கோயிற் கணக்கில் அடையாளமாகிறது. பின்னாளில் கல்லைச் சரிபார்ப்பவருக்கு எடையைப் போலவே பொறியும் துணைசெய்யும். சந்தைக்குக் குறையாக இருப்பது கருவூலத்துக்குச் சான்றாக மாறும் இந்தப் பெயர்ச்சி, மணிநூல்களைப் பற்றிய ஆய்வுகளில் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

எடையா, ஒளியா

இந்திய மரபு கல்லைத் தொடவே இல்லை என்று கொள்வதும் பிழையாகும். 17ஆம் நூற்றாண்டில் தக்காணச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இங்குள்ள தீட்டுவோர் தூய கல்லாயின் எடை குறையாதபடி சக்கரத்தில் இலேசாகத் தொட்டெடுப்பர் என்றும், குறையுள்ள கல்லாயின் அதனை மறைக்கப் பல சிறு பட்டைகள் இடுவர் என்றும் எழுதுகிறார். பழுதுநீக்கலுக்கும் மறுதீட்டலுக்கும் இடைப்பட்ட வழி இது. எடை காக்கப்பட்டது, வடிவத்தின் சீர்மை பொருட்படுத்தப்படவில்லை.

எடையைக் காப்பதில் எத்துணைக் கண்டிப்பு இருந்தது என்பதற்கு அவர் தரும் மற்றொரு செய்தி சான்று. 1665இல் ஔரங்கசீப்பின் அவையில் அவர் கண்ட பெரிய முகலாய வைரத்தைத் தீட்டியவர் வெனிசைச் சேர்ந்த ஒர்த்தென்சியோ போர்ஜியோ. கல்லை அளவுக்கு மீறித் தேய்த்து எடையை இழக்கச் செய்தார் என்று அவருக்குக் கூலி மறுக்கப்பட்டதோடு 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இலண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1849இல் பஞ்சாப் இணைப்பின்போது சிறுவனான துலீப் சிங்கிடமிருந்து பெறப்பட்ட கோகினூர், 1851இல் ஐடு பூங்காப் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. திரண்டு வந்த மக்கள் ஏமாந்தனர். கல் எதிர்பார்த்தவாறு ஒளிரவில்லை. இளவரசர் ஆல்பர்ட் அறிவியலாரைக் கலந்தபின் மறுபட்டைக்கு முடிவு செய்தார். ஆம்சுடர்டாமின் கோசுட்டர் நிறுவனத் தீட்டுநர்கள் வரவழைக்கப்பட்டனர். 1852 சூலையில் முதற் பட்டையைத் தொடங்கி வைத்தவர் வெலிங்டன் கோமகன். 38 நாள் உழைப்பில், 8,000 பவுன் செலவில், பழைய காரட்டுக் கணக்கில் 186ஆக இருந்த கல் இன்றைய அளவில் 105.6 காரட்டு ஆயிற்று. எடையில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் தூளாயிற்று.

கோகினூரில் நீக்கப்பட்டது உடைசல் மட்டுமன்று. எடையைக் காத்த ஓர் அழகியலே நீக்கப்பட்டது. அதன் பழைய வடிவத்தை அறிய இன்று வரைபடங்களையும் அச்சுகளையுமே நாடவேண்டியுள்ளது. 1854இல் பக்கிங்காம் அரண்மனையில் சுருங்கிய அக்கல்லைத் துலீப் சிங் கையில் வாங்கிச் சாளர வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்ததாக லாகின் குடும்பத்தார் குறிப்பில் உள்ளது. 

2008க்குப் பின்

ஐரோப்பாவிலும் இம்மதிப்பீடு நிலைத்திருக்கவில்லை. பவேரிய அரச குடும்பத்துக்குரியதாய் இருந்த, இந்தியாவில் தோன்றிய விட்டெல்சுபாக் நீலவைரம் 2008 திசம்பரில் இலண்டன் ஏலத்தில் 164 இலட்சம் பவுனுக்கு விற்றது. வாங்கிய வணிகர் லாரன்சு கிராஃப், விளிம்புச் சிதைவுகளை நீக்கி நிறத்தை மேம்படுத்த மறுபட்டை இட்டார். 35.56 காரட்டு 31.06 ஆயிற்று. தூய்மைத் தரம் உயர்ந்தது. 17ஆம் நூற்றாண்டுப் பட்டை மறைந்தது. அருங்காட்சியக வட்டாரத்தில் இது பண்பாட்டு அழிவு என்று கண்டிக்கப்பட்டது. 1852இல் மேம்பாடாகக் கருதப்பட்ட செயலே 2009இல் அழிவாகக் கருதப்பட்டது.

குடும்ப மோதிரம் கோகினூர் அன்று என்பது உண்மை. ஆயினும் அதன் முன் உள்ள தெரிவுகள் இவையே. உடைந்த வைரத்தை ஒட்டவைக்க இயலாது. ஆகையால் ‘பழுது நீக்கல்’ என்பது கல்லைத் திருத்துவதன்று, கட்டடத்தைத் திருத்துவதே. முரிந்த கோடியைப் பொன் விளிம்பின் கீழ் அமையுமாறு திருப்பிப் பதிக்கலாம். பின்புறம் மூடி, அடியில் தகடு வைத்துக் கட்டிய பழைய அணியாயின் அத்தகட்டைப் பிரிப்பதே ஒரு சான்றை இழப்பதாகும். பிளவு கல்லின் உள்ளே ஓடி, அணியும்போது மேலும் உடையும் நிலையிலிருந்தால் மட்டுமே மறுபட்டைக்கு வலுவான காரணம் உண்டு. ஒளி குறைவு என்பது அத்தகைய காரணமன்று. பழைய பட்டை வேறோர் ஒளிக்கு, விளக்கொளிக்கு, அமைந்தது. எதைச் செய்யினும், கட்டடத்தைப் பிரிக்குமுன் எடையும் அளவும் குறையின் இடமும் எழுதப்பட வேண்டும்.

தஞ்சையில் அவ்வாறே எழுதினர். இராசராசன் அளித்த அணிகலன்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் செம்பொறியும் கரும்பொறியும் சுவரில் உள்ளன.