மறுக்கும் உரிமை

அணு உலையிற் பயன்பட்டு முடிந்த எரிபொருளின் நச்சுத்தன்மை ஓரிலட்சம் ஆண்டுகளாயினும் முற்றாக நீங்காது. அதனை எவருடைய நிலத்திற் புதைப்பது? விஞ்ஞானிகளும் அரசாங்கமும் மட்டுமே தீர்க்கவேண்டிய வினா இதுவென்று ஒரு காலத்திற் கருதப்பட்டது. சுவீடன் நாட்டு வரலாறு அக்கருத்தைத் தகர்த்தது.

1980இல் அந்நாட்டின் மலைப்பகுதியொன்றிற் சோதனைத் துளையிட முற்பட்டபோது, ஊர்மக்கள் குடிசையமைத்து இரவுபகலாகக் காவலிருந்தனர். 2000ஆம் ஆண்டுவரை அக்காவல் நீடித்தது.

எதிர்ப்பிற் பாடங்கற்ற அணுக்கழிவுக் கம்பனி, 1992இல் உள்ளூராட்சி மன்றங்கள் யாவற்றுக்கும் கடிதமெழுதி, ஆய்வுக்கு இணங்குவீரோவென்று கேட்டது. ஸ்தூருமான் மக்கள் 1995இலும், மாலோ மக்கள் 1997இலும் வாக்கெடுப்பின் மூலம் மறுத்தனர். கம்பனி அவ்வூர்களை விட்டு அகன்றது. ஈற்றில், அணு உலைகள் ஏற்கெனவே அமைந்திருந்த ஏஸ்தம்மார்ப் பகுதியின் மன்றம், நீண்ட ஆய்வின் பின்னர் 2020இல் இணங்கியது. 2022இல் அரசு அனுமதி வழங்கியது. ஏறக்குறைய 500 மீற்றர் ஆழப் பாறையில், செப்புக் கலங்களிலே கழிவு புதைக்கப்படவுள்ளது.

உலை தரும் ஊதியத்தில் வாழும் ஊரின் சம்மதம் முழுச் சுதந்திரமானதா? நாம் ஐயுறுதல் நியாயமே. ஆயினும், மறுத்த ஊர்களின் சொல் மதிக்கப்பட்டதை நாம் மறத்தலாகாது. ‘இல்லை’ என்னும் சொல்லுக்கு மதிப்புள்ள இடத்திலேதான் ‘ஆம்’ என்பதற்கும் பொருளுண்டு.